முழத்தக்காவின் கை

சூடுபட்டால் எதுவும் விரியும் என்றொரு நம்பிக்கை நாட்டில் பரவிக் கிடக்கிறது. இதற்கான முழுப் பொறுப்பையும் பள்ளிக்கூட ஆய்வகங்கள்தான் ஏற்க வேண்டும். அங்கே ஓர் இரும்பு உருண்டையும் ஒரு வளையமும் வைத்திருப்பார்கள். குளிர்ந்த உருண்டை வளையத்துக்குள் நுழையும், அதையே விளக்கில் காட்டிச் சூடேற்றினால் நுழையாது, பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள், மணி அடிக்கும், வாழ்நாள் முழுக்கச் சுமக்கப்போகும் ஒரு பிழையோடு எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். உருண்டையைப் பொறுத்தவரை அது உண்மைதான்; இரும்பின்மேல் இங்கே யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஆனால் மீன் இரும்பு அல்ல என்பதையும், வெதுவெதுப்பான நீரில் வாழும் மீன் சின்ன வயதில் அவசர அவசரமாக வளர்ந்து, அவசர அவசரமாகப் பருவத்துக்கு வந்து, தன் முன்னோரின் அளவை எட்டாமலே நின்றுபோகும் என்பதையும், அதாவது சூட்டில் மீன்குலம் சிறுக்கும் என்பதையும், அந்த ஆய்வகங்களில் யாரும் செய்து காட்டுவதில்லை. ஏழுபாய்த்துறையில் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தத் திருத்தம் அவசியம். ஏனென்றால் அந்த ஊரின் அளவுக்காரியான எஸ்கலின், தன் நாற்பத்தாறாவது வயதில், கலியாணத்தன்று தனக்கிருந்த உயரத்தில் கால்வாசியை இழந்திருந்தாள். கண்ணேறு என்று சிலரும், சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சிலரும் சொல்லுகிறார்கள். அவர்கள் எல்லோரும் தவறு. காரணம் கடல்நீரின் சூடு, வேறொன்றும் இல்லை.

ஏழுபாய்த்துறை, மன்னார் வளைகுடாவின் ஓரத்தில், ஒரு மாதா கோயிலும் ஓர் ஐஸ் கம்பெனியும் முப்பத்தொரு தூண்டில் வள்ளங்களும் கொண்ட சின்ன ஊர். பவளப்பாறை இடுக்குகளில் ஒளிந்து வாழும் களவா மீன்தான் அவர்களுக்குச் சோறு. முன்பு ஒரு காலத்தில், சின்னது பெரியது பாராமல் எல்லாவற்றையும் பிடித்து, இரண்டு வருஷம் கடல் அவர்களுக்கு ஒன்றும் கொடுக்காமல் இருந்ததுண்டு. அந்த இரண்டு வருஷத்தில் யோசிக்க நிறைய நேரம் கிடைத்ததால் ஊர்க் கமிட்டி ஒரு சட்டம் போட்டது: எந்த மீனும் ஒரு தடவையாவது முட்டை விட்ட பிறகுதான் கரையேற வேண்டும், ஒரு முழத்துக்குக் குறைந்த களவா இன்னும் முட்டை விடாதது, ஆகையால் அதை உயிரோடு கடலுக்கே திருப்பிவிட வேண்டும். இதற்காக வள்ளங்களின் நடுவே கடல்நீர் ஊறும் ஒரு குழி வைத்து, பிடித்த மீனை அதில் நீந்தவிட்டே கொண்டுவந்தார்கள். கரை தொடுவதற்கு முன்னால், தொடையளவு தண்ணீரில், ஒரு குச்சியை வைத்து ஒவ்வொரு மீனையும் அளந்தார்கள்.

குச்சிக்கு வந்த கதியைச் சொல்லியாக வேண்டும். பூவரசங்குச்சி ஒன்றைச் சரியாக ஒரு முழம் வெட்டிக் கோயிலில் மந்திரித்து வைத்தார்கள். யாரும் அதை வெட்டவில்லை, உடைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வள்ளக்காரரும் அதைத் தொட நேர்ந்தபோதெல்லாம் அதன் நுனியைப் பாறையில் ஒரே ஒரு தேய்ப்புத் தேய்த்தார், மற்றவர்கள் யாரும் தேய்க்க மாட்டார்கள் என்று நம்பி. எட்டு வருஷத்தில் அது தலைவாரும் சீப்பு அளவுக்கு வந்துவிட்டது. அப்போது கமிட்டித் தலைவராகப் புதிதாக வந்திருந்த தொம்மந்திரை, குச்சியைக் கோயில் முற்றத்தில் எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டி, மரத்தை நம்பினது போதும் என்றும், இனி ஒரு மனுஷக் கைதான் முழம் என்றும், கையை யாரும் தேய்க்க முடியாது, சீவ முடியாது, அது கூடவும் செய்யாது குறையவும் செய்யாது என்றும் அறிவித்தார். அப்படித்தான், பொய் சொல்லத் தெரியாதவள் என்று பேரெடுத்திருந்த, நெட்டையும் குட்டையும் அல்லாத இருபத்து நாலு வயது எஸ்கலினின் வலது கை, முழங்கை முட்டியிலிருந்து நடுவிரல் நுனிவரை, அந்த ஊரின் சட்டம் ஆயிற்று. ஊர் அவளை முழத்தக்கா என்று கூப்பிடத் தொடங்கியது.

முதல் நாளே அவள் கஸ்பார் என்கிற இளவட்டத்தின் மூன்று மீன்களைத் திருப்பி விட்டாள். ஆறடி உயரமும் அதற்கேற்ற அகலமும், அவற்றோடு சேராத கூச்சமும் உள்ள கஸ்பார், மறுநாள் இன்னும் பெரிய மீன்களோடு வந்தார். அதற்கு மறுநாள் அதைவிடப் பெரிய மீன்களோடு வந்தார். பாறையின் எந்த இடுக்கிலிருந்து இவற்றைப் பிடிக்கிறார் என்று ஊர் வியந்துகொண்டிருந்தபோது, அவர் ஒரு மாதம் முழுக்க அளவு பிசகாத மீனோடு வந்துவிட்டு, அவளிடம் பேசிய முதல் வாக்கியம், “இனி என்னத்தக் கொண்டு வரணும்?” என்பதுதான். ஆளை அனுப்பிப் பெண் கேட்கச் சொன்னாள். கலியாணப் போட்டோவில் அவள் தலை அவருடைய தோளை எட்டியிருக்கிறது. மோதிரம் மாற்றியபோது அவள் விரலில் ஏற மறுத்ததும், சோப்புப் போட்டு ஏற்றியதும் அந்தக் கலியாணத்தின் முக்கிய வேடிக்கை.

இருபத்திரண்டு வருஷம், ஞாயிறு தவிர ஒவ்வொரு காலையும், எஸ்கலின் கடலில் தொடையளவு தண்ணீரில் நின்றாள். வள்ளக்காரர்கள் வள்ளத்துக்குள் உலர்ந்து இருந்தார்கள். வியாபாரிகள் மணலில் உலர்ந்து இருந்தார்கள். ஊரில் மீனைப் போலக் கடலில் ஊறிய ஆள் அவள் ஒருத்திதான். கடல் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகிக்கொண்டு வந்தது. பவளப்பாறைகள் வெளுத்துப்போன அந்தக் கோடையில், தண்ணீருக்குள் கால் வைத்தவள், யாரோ குளித்துவிட்டுப் போன தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று சொன்னாள். களவாக்கள் அந்த நீருக்குக் கட்டுப்பட்டன, அவளும் கட்டுப்பட்டாள். மீன் ஒரு விரல் சிறுத்தால் அவள் கையும் அதே விகிதத்தில் சிறுத்தது. ஆகவே நேற்று முழமாக இருந்த மீன் இன்றும் முழமாகவே இருந்தது. ஆகவே யாரும் எதையும் கவனிக்கவில்லை.

முதலில் கவனித்தது மோதிரம். அது கழன்று கழன்று விழ, எஸ்கலின் அதன் உள்பக்கம் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டாள். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் சுற்றினாள். இரண்டாவது கவனித்தவர் கஸ்பார். கோயிலுக்குப் போகும்போது அவள் தலைமுக்காடு தன் தோளில் உரசும் என்று அவருக்குத் தெரியும். ஒருநாள் அது நெஞ்சில் உரசியது. அவர் வீட்டுக்கு வந்து, அடுப்பு மேடையைச் செங்கல் வரிசை ஒன்று குறைத்துக் கட்டினார். பிறகு அலமாரித் தட்டைக் கீழே இறக்கினார். பிறகு கட்டில் கால்களை நாலு விரல் அறுத்தார். தன் கால்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அவருக்குப் பழகியதுதான், இப்போது தரையிலும் பட்டன. அவள் இதையெல்லாம் பார்த்தும் பாராதவளாக, “இந்த மேடை இப்பத்தான் கைக்கு எதமா இருக்கு” என்று ஒருநாள் சொன்னாள், அதோடு அந்தப் பேச்சு வீட்டுக்குள் முடிந்தது.

வீட்டுக்கு வெளியே அதைக் கிளப்பியவர் மொகுதூம். காயல்பட்டினத்து மீன் வியாபாரியான அவர், முழ அளவை எட்டிய முழுமீன் பத்துப் போட்டால் நிறைகிற ஐஸ் பெட்டி இப்போது பதினெட்டுப் போட்டாலும் நிறையவில்லை என்று, யாரையும் குற்றம் சொல்லாத குரலில், கமிட்டியிடம் வந்து சொன்னார். கமிட்டி அதைப் பொறுப்போடு விசாரித்தது. மீன் ஒவ்வொன்றும் முழத்தக்கா கையால் அளந்தது. ஆகவே மீனில் பிழை இருக்க முடியாது. எஞ்சியிருப்பது பெட்டி. ஆகவே பெட்டி வளர்ந்திருக்கிறது. தச்சரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தான் தாத்தா காலத்து அளவில்தான் அடிப்பதாக அவர் மாதாமேல் சத்தியம் செய்தார். ஈரத்தில் பலகை ஊதுமா ஊதாதா என்று தொம்மந்திரை கேட்டார். ஊதும் என்று தச்சர் ஒப்புக்கொண்டார். அன்றைக்குக் கமிட்டி நோட்டில் எழுதப்பட்ட தீர்மானம் இது: முழத்தக்காவின் கை ஒரு முழம், அது நேற்றும் ஒரு முழம், இன்றும் ஒரு முழம், அதோடு ஒத்துப்போகாத பொருள்கள் வளர்ந்துவிட்டதாகக் கொள்ளப்படும்.

இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள், தாங்கள் கடிகாரத்தையும் காலண்டரையும் எந்த ஆதாரத்தின் பேரில் நம்புகிறார்கள் என்பதை ஒருநாள் தனியாக உட்கார்ந்து யோசித்துப் பார்க்கலாம். ஏழுபாய்த்துறை அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு மிகவும் நிம்மதியாக இருந்தது. வால் வெளியே தொங்கத் தொங்கப் பொரித்த களவா இப்போது சட்டிக்குள் தாராளமாகப் படுத்ததைப் பார்த்த பெண்கள், சட்டி வளர்ந்துவிட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சிலர் தங்கள் சட்டிதான் அதிகம் வளர்ந்தது என்று பெருமையும் பட்டார்கள். எஸ்கலினுக்கு ரவிக்கை தைக்கும் பிலவேந்திரன், ஒவ்வொரு முறையும் மிச்சத் துணியைத் திருப்பிக் கொடுத்து, மில்லில் இப்போதெல்லாம் தாராளமாக நெய்கிறார்கள் என்றார். கோயிலில் நன்மை அப்பம் வாங்கும் இடத்தில் அவளுக்கு மட்டும் ஒரு சின்னப் படிக்கட்டு வந்தது; பீடம் உயர்ந்துவிட்டது என்று பங்குச்சாமி பொதுவாகச் சொன்னார். ஊருக்குப் புதிதான பஸ் கண்டக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் அரை டிக்கெட் கிழித்தபோது, பின்சீட்டில் இருந்த நாலு பெண்கள் சேர்ந்து அவருக்குத் தீர்மானத்தை வரிக்கு வரி விளக்கினார்கள். அவர் முழு டிக்கெட் கொடுத்துவிட்டு, தூத்துக்குடி வரை வாய் திறக்கவில்லை. தொடையளவு தண்ணீர் அவளுக்கு இடுப்பளவாகி, இடுப்பளவு நெஞ்சளவாகி, அவள் வருஷத்துக்கு ரெண்டு எட்டு கரைப்பக்கம் தள்ளித் தள்ளி நின்றாள். வள்ளங்களும் அவளோடு தள்ளி வந்து அடிமரம் மணலில் தட்ட நின்றன. கடல் ஏறுகிறது என்றார்கள். கடல் உண்மையாகவே ஏறிக்கொண்டிருந்ததால், இதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மீன்வளம் படித்து ஆராய்ச்சி செய்ய வந்த சுபத்ரா என்ற பெண் ஒரு சித்திரை மாதம் ஊருக்கு வந்தாள். கையில் ஒரு வெப்பமானியும் இரும்பு ஸ்கேலும் இருந்தன. முழுமீன் என்று சொல்லப்பட்ட நாற்பது களவாக்களை அளந்தாள்; பழைய பதிவுகளில் உள்ள அளவைவிட அவை கால்வாசி குறைந்திருந்தன. பிறகு எஸ்கலினின் கையை அளந்தாள். அதையும் அதே அட்டவணையில், நாற்பதாவது மீனுக்குக் கீழே எழுதினாள். கோயில் முற்றத்தில் கமிட்டியைக் கூட்டி, ஸ்கேலைக் காட்டி, மீனும் சிறுத்துவிட்டது, கையும் சிறுத்துவிட்டது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னாள்.

தொம்மந்திரை ஸ்கேலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெயிலில் அது சுட்டது.

“இது இரும்புதானே பிள்ள?”

“ஆமா சார். ஸ்டீல்.”

“இரும்பு சூட்டுல விரியும்லா?”

விரிவது ஒரு மயிரிழை அளவுதான் இருக்கும் என்று சுபத்ரா கணக்குப் போட்டுக் காட்டத் தொடங்கினாள். தொம்மந்திரை கையமர்த்தினார்.

“எவ்வளவுன்னு நான் கேக்கல. விரியுமா விரியாதா, அத மட்டும் சொல்லு.”

“விரியும்,” என்றாள் சுபத்ரா.

ஸ்கேல் வளர்ந்துவிட்டதை ஆராய்ச்சி டீச்சர் ஒப்புக்கொண்டதாக நோட்டில் எழுதி, அவளிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அவள் நல்ல பெண். கையெழுத்துப் போட்டுவிட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி வைத்த களவாக் குழம்பை மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாள். ஆனால் கிளம்பும்போது வாசலில் நின்ற கஸ்பாரிடம், நீரின் சூடு ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்றும், எஸ்கலினம்மா தண்ணீரில் நிற்பதை விட்டால் சிறுப்பதும் நின்றுவிடும் என்று தான் நினைப்பதாகவும், விடாவிட்டால் எங்கே போய் நிற்கும் என்று தனக்குத் தெரியவில்லை என்றும் சொல்லிவிட்டாள்.

கஸ்பார் அதுவரை பயப்படவில்லை. செங்கல் வரிசையும் கட்டில் காலும் குறைக்கக் குறைக்க இன்னும் இடம் இருந்துகொண்டே இருக்கும் என்று அவர் எண்ணியிருந்தார். மறுநாள் காலை அலை கொஞ்சம் மூர்க்கமாக இருந்தது. கழுத்தளவு தண்ணீரில் தடுமாறிய எஸ்கலினை அவர் வள்ளத்திலிருந்து குனிந்து ஒரே கையால் தூக்கினார். மீன் கூடையைத் தூக்குவதற்கு இழுக்கிற மூச்சை இழுத்திருந்தார். அவ்வளவு மூச்சு தேவைப்படவில்லை. பாதி மூச்சு நெஞ்சில் மிச்சமிருக்க, அவர் நேராகத் தொம்மந்திரை வீட்டுக்குப் போய், இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாகக் கமிட்டியிடம் ஒன்று கேட்டார்.

“எம் பொண்டாட்டிய எனக்குத் தாங்க. வேற கை பாருங்க.”

கமிட்டிக்கு அவர்மேல் வருத்தம் இல்லை. எஸ்கலினை ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, தொம்மந்திரை தன் சொந்த மருமகள் ரெஜினாவையே அளவுக்காரியாக இறக்கினார். ரெஜினா நல்ல வளர்த்தி, கையும் அப்படியே. திங்கட்கிழமை முப்பத்தொரு வள்ளங்களும் கொண்டுவந்த மீனில் ஒன்றுகூட அவள் கைக்கு எட்டவில்லை. எல்லாவற்றையும் திருப்பி விட்டார்கள். செவ்வாயும் அப்படியே, புதனும் அப்படியே. மீன் துள்ளிக்கொண்டு போவதை வள்ளக்காரர்கள் பார்த்தார்கள், பிறகு ரெஜினாவின் கையைப் பார்த்தார்கள்; அந்தப் பார்வை தாங்காமல் ரெஜினா வியாழக்கிழமை முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து, தண்ணீரிலேயே நின்று அழுதாள். மொகுதூமின் ஐஸ் காலிப் பெட்டியிலேயே உருகி மணலில் ஓடியது. ஊர் முழுக்க ரசச்சோறு. ரெஜினாவின் கைதான் வளர்ந்துவிட்டது என்று ஒரு கட்சியும், அப்படியானால் நம்மில் யார் கை வளரவில்லை என்று ஒரு கட்சியும் உருவாகி, கமிட்டி முதல் முறையாக நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒன்றும் எழுதாமல் மூடியது.

அந்த ஒரு வாரமும் கஸ்பாருக்கு மட்டும் திருவிழா. எஸ்கலின் காலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தாள்; இருபத்திரண்டு வருஷத்தில் ஞாயிறு தவிர அவர் அதைக் கண்டதில்லை. அவர் சுவரில் அவள் தலை உயரத்துக்கு ஒரு பென்சில் கோடு போட்டிருந்தார். தினமும் அவளை நிறுத்திப் பார்த்தார். கோடும் தலையும் ஒன்றாகவே இருந்தன. ஏழு நாளில் என்ன தெரியும் என்று அவள் கேட்டாள். ஏழு நாள் தெரிந்தது போதும் என்றார் அவர்.

சனிக்கிழமை சுபத்ரா திரும்பி வந்தாள். முன்பு வாங்கிக்கொண்டு போயிருந்த நாற்பது மீன்களையும் அறுத்துப் பார்த்திருந்தாள். மீனின் காதுக்குள் ஒரு சின்னக் கல் இருக்கும், மரத்தில் இருப்பது போல அதில் வருஷத்துக்கொரு வளையம் இருக்கும், அதை வைத்து வயதையும் எண்ணியிருந்தாள். கமிட்டிக்குச் சொல்லுவதற்கு முன்னால் எஸ்கலினிடம் சொல்ல வேண்டும் என்று நேராக வீட்டுக்கு வந்து, வழியில், கடலுக்குத் திருப்பிவிடப் போனவற்றிலிருந்து கேட்டு வாங்கிய ஒரு களவாவை அடுப்பு மேடையில் வைத்து வயிற்றைக் கீறினாள். உள்ளே முட்டை, ஆரஞ்சு நிறத்தில், நெருக்கி அடைத்து இருந்தது.

“முன்னாடியெல்லாம் இந்த மீன் பெரிசா வளந்த பிறகுதான்மா முட்டை விடும்,” என்றாள். “இப்போ இந்த அளவுலயே விட்டுடுது. முட்டை எண்ணிக்கை குறைவுதான், ஆனா விட்டுடுது. உங்க கை அளவுக்கு மேல இருந்த நாற்பதும் ஒரு தடவையாவது முட்டை விட்டிருக்கு. அதுக்குக் கொஞ்சம் குறைஞ்சத ஊர்ல திருப்பி விட்டப்போ நானும் ரெண்டு மூணு கேட்டு வாங்கிப் பாத்தேன். அது விட்டதில்ல. என் ஸ்கேலால அளந்திருந்தா தப்பாத்தான் அளந்திருப்பேன். ரெஜினாக்கா கையும் தப்பு. உங்க கை எங்க நிக்குதோ அங்கதான் முட்டை விடுற அளவும் நிக்குது.”

எஸ்கலின் தன் வலது கையை அந்த மீனுக்குப் பக்கத்தில் வைத்தாள். முட்டியிலிருந்து நடுவிரல் நுனிவரை, வாலும் விரலும் ஒன்றாக முடிந்தன. பிறகு முட்டைப் பையை விரல் நுனியால் தொட்டாள்.

“ஏளா, இத்தனூண்டு இருந்துக்கிட்டு நீயும் தாயாயிட்டியா,” என்றாள் மீனிடம்.

கூடத்தில் இருந்த கஸ்பார் அந்தக் குரலைக் கேட்டதுமே, பென்சில் கோடு வீண் என்று தெரிந்துகொண்டார். சுபத்ரா போகும்வரை காத்திருந்து, பிறகு பேசினார். தனக்குப் படிப்பு இல்லை என்றும், மீன் எங்கே முட்டை விட்டால் தனக்கென்ன என்றும், அவள் இனி தண்ணீரில் இறங்கினால் இன்னும் பத்து வருஷத்தில் அவளைத் தேட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். பேச்சுப் பழக்கம் இல்லாததால் இதைச் சொல்ல அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. தன் கையை விட்டால் ஊரில் ஒன்று பட்டினி கிடப்பார்கள், இல்லையென்றால் பழைய குச்சியைத் தேடிப் போவார்கள், குச்சி சீப்பாகும், கடல் திரும்பவும் காலியாகும் என்று அவள் பொறுமையாகச் சொன்னாள்.

“ஏளா, உனக்கு ஊரு பெருசா, நான் பெருசா?” என்றார் கஸ்பார்.

“நீங்கதான் பெருசு,” என்றாள் எஸ்கலின். “அதான இப்ப பிரச்சனையே.”

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. மேடையில் கிடந்த மீனை அவள் சுத்தம் செய்து, முட்டையைத் தனியாக எடுத்து மிளகு போட்டு வதக்கினாள். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அவர் சுவரோடு சாய்ந்து, தரையில் நீட்டிக் கிடந்த தன் கால்களை, முதல் தடவை பார்ப்பதைப் போல, முழங்காலிலிருந்து விரல்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை எஸ்கலின் கடலில் இறங்கினாள். ஊரே கரையில் நின்றது. ரெஜினா ஓடிவந்து அவள் கையைப் பிடித்து முத்தமிட்டாள். அன்று கஸ்பாரின் வள்ளம் வந்தபோது அணியத்து முன்முனையில் அவருடைய மைத்துனர் இருந்தார், தூண்டில் மைத்துனர் கையில் இருந்தது, கஸ்பாரைக் காணவில்லை. அவர் கரையிலிருந்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்து, தனக்குத் தொடையளவும் அவளுக்கு நெஞ்சளவும் இருந்த இடத்தில் அவள் பக்கத்தில் நின்றார். மடித்துக் கட்டியதை அவிழ்த்துவிட்டார். பிறகு, அதுவும் போதாதென்று, மெல்ல மண்டியிட்டு, தண்ணீர் தனக்கும் நெஞ்சளவு வரும்படி அமர்ந்துகொண்டு, வந்த முதல் மீனின் வாலைப் பிடித்தார். துள்ளும் மீனை இத்தனை வருஷம் அவள் ஒரே கையால் சமாளித்திருக்கிறாள். இப்போது ஒருவர் வாலைப் பிடிக்க, அளப்பது சுலபமாக இருந்தது.

வள்ளங்களிலிருந்து கேலி வராமல் இல்லை. என்ன மாமா, ஜெபம் பண்ணுதியளா என்று ஒருவர் கேட்டார். கடல்ல என்னத்தத் தொலைச்சிய என்று இன்னொருவர். மைத்துனர் மட்டும் விஷயம் புரிந்து, குரலைத் தாழ்த்தி, “மச்சான், தண்ணி சுடுது. உமக்கும் அந்த மாதிரி ஆயிரும் வே,” என்றார்.

“நான் வளந்தது போதும்,” என்றார் கஸ்பார்.

அன்று முப்பத்தொரு வள்ளங்களும் மீனோடு கரையேறின. மொகுதூம் ஒரு பெட்டிக்குப் பதினெட்டுக்குமேல் எண்ணி வைத்து, பெட்டி வளர்ந்ததைப் பற்றி அதன்பிறகு பேசவில்லை. சுபத்ராவின் நாற்பது மீன் கணக்கைக் கமிட்டி கேட்டது. கை சரி என்று இரும்பு ஸ்கேல்காரியே சொன்னதை மகிழ்ச்சியோடு நோட்டில் ஏற்றியது. கை சிறுத்தது என்று அவள் சேர்த்துச் சொன்னதை எழுத இடம் போதவில்லை. கஸ்பார் செய்கிற வேலைக்கு ஊரில் பேர் இல்லாததால், வால்பிடி என்று ஒரு பதவியை உண்டாக்கி, அவருக்குக் கொடுத்து, அதற்குரிய தகுதி என்னவென்று தொம்மந்திரை கேட்டபோது ஒருவருக்கும் ஒன்றும் தோன்றாமல், அளவுக்காரியின் புருஷன் என்று எழுதினார்கள்.

இரண்டு கோடைகள் போயின. இரண்டாவது கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குக் கிளம்பும்போது, கஸ்பாரின் கலியாண மோதிரம் விரலிலிருந்து கழன்று அடுப்பு மேடைக்கடியில் உருண்டது. எஸ்கலின் அதை எடுத்துத் துடைத்து, தன் நூல்கண்டைக் கொண்டுவந்து, உள்பக்கமாகச் சுற்றிக் கொடுத்தாள். அரை முழம் நூல் பிடித்தது, அவள் கைக்கு.